மூன்றடி உயரத்தில் நின்ற வாசல்

காபி டம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டு, புதிதாகக் கட்டிய எங்கள் வாசல் சரிவின் முனையில் நின்றேன். இன்னும் ஓர் எட்டு வைத்திருந்தால் இந்தத் தொடரை வேறு யாராவதுதான் எழுதியிருப்பார்கள்.

ரோட்டைக் காணோம்.

இருந்தது. ஆனால் நேற்று இருந்த உயரத்தில் இல்லை. என் வாசலுக்கு மூன்றடி கீழே போய்ப் படுத்திருந்தது.

டைல்ஸ் ஒட்டி, ஓரத்தில் கறுப்புக் கல் பதித்து, கார் வழுக்காமல் இருக்கக் கோடு கோடாக வெட்டிவிட்ட என் சரிவு, போகிற போக்கில் அந்தரத்தில் முடிந்திருந்தது. அதற்கும் ரோட்டுக்கும் நடுவில், எங்கள் பக்கம் மட்டும், மழைநீர்க் கால்வாய்க்காக நாலடி அகலத்துக்குப் பள்ளம் தோண்டிப் போட்டிருந்தார்கள். போர்டிகோவில் கார் நின்றது. அது இனிமேல் அங்கேதான் நிற்கும் என்பது எனக்குப் புரிய, ஒரு வாய் காபி குடிக்கும் நேரம் ஆனது.

முந்தின இரவு தெருவில் மெஷின் சத்தம் கேட்டது உண்மைதான். புது ரோடு போட வந்துவிட்டார்கள் என்று நிம்மதியாகப் புரண்டு படுத்துவிட்டேன். இந்த முறை பழைய ரோட்டை ஒட்டுமொத்தமாகச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிதாகப் போடுவார்களாம். யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

எதிர்வீட்டுக்காரர் தன் வாசலில் நின்று பல் துலக்கிக்கொண்டிருந்தார். அவர் வாசலும் ரோடும் நூல் பிடித்த மாதிரி ஒரே மட்டத்தில் இருந்தன. இருபது வருஷமாக ஒரு செங்கல்கூட எடுத்து வைக்காத மனிதர்.

"ஏனுங்க, காப்பி ஆச்சுங்களா?"

"ஆச்சுங்க."

"காரு ஏதாச்சும் வேணும்னாச் சொல்லுங்க. என்ற காரு சும்மாத்தான் நிக்குது."

கோயமுத்தூரில் ஒருவரைக் குத்திக்காட்டுவது என்றால் இப்படித்தான், மரியாதை குறையாமல்.

அன்று புதன்கிழமை. ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரைக்கு, ஆனைமலைப் பக்கத்திலிருந்து என் மகன் செந்திலுக்குப் பார்த்த பெண்ணின் வீட்டார் எங்கள் வீட்டைப் பார்க்க வருவதாக இருந்தது. அவர்களுக்காகத்தான் இந்த வாசலே.

ஏழு படி

இந்தத் தொடரை முதலிலிருந்து படிக்கிறவர்களுக்கு என் லேத் பட்டறையைத் தெரியும். இந்த வாரம்தான் உள்ளே வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். சிங்காநல்லூரில் பம்புசெட்டுக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுக்கும் பட்டறை எனக்கு. தலைமுடி அளவு பிசகினாலும் தூக்கிப் போட்டுவிட்டு வேறு கடைகிறவன். அப்பேர்ப்பட்ட ஆள் தன் வீட்டு வாசலைத் தப்பாக அளந்த கதை இது.

வீடு கட்டின புதிதில் முன்வாசலிலிருந்து ஏழு படி ஏறித்தான் உள்ளே போக வேண்டும். படி ஒற்றைப்படையில்தான் இருக்க வேண்டும் என்பது எங்கள் ஊரில் சட்டம் மாதிரி. வருகிறவர்கள் ஏறும்போதே மனசுக்குள் எண்ணிக்கொண்டு வருவார்கள். எண்ணாத மாதிரி நம் முகத்தைப் பார்த்துச் சிரிப்பார்கள்.

அப்புறம் நாலைந்து வருஷத்துக்கு ஒருமுறை ரோடு போட்டார்கள். ரோட்டின் மேலேயே ரோடு. ரோடு இரண்டடி உயர்ந்தது, எங்கள் முன்வாசல் இரண்டடிப் பள்ளமானது. மழை பெய்தால் தெருத் தண்ணீர் ஒட்டுக்கா உள்ளே வந்து படியில் ஏறும். மழைக்காலத்தில் என் மனைவி ஜோதிமணி செருப்பை ஐந்தாவது படியில்தான் விடுவாள்.

தெருவில் ஒவ்வொருவராக வாசலை மண் கொட்டி உயர்த்தினார்கள். மேட்டுப்பக்க வீட்டுக்காரர் அரையடி உயர்த்தினால் அவர் வீட்டுத் தண்ணீர் அடுத்த வீட்டுக்குப் போகும். அடுத்த வீட்டுக்காரர் முக்காலடி உயர்த்தினால் அது எங்களுக்கு வரும். யாரும் யாரோடும் சண்டை போடவில்லை. பார்க்கிறபோது வணக்கம் சொல்லிக்கொண்டோம், தண்ணீரை மட்டும் மாற்றி மாற்றி அனுப்பிக்கொண்டோம்.

எனக்கு அது பெரிய குறையாகத் தெரியவில்லை. செந்திலுக்குப் பெண் தேட ஆரம்பிக்கும்வரை.

பட்டு வேட்டியோடு தண்ணீரில்

செந்திலுக்கு முப்பத்துமூன்று வயது. இன்ஜினீயரிங் படித்துவிட்டு இரண்டு வருஷம் சென்னையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தான். பிடிக்கவில்லை என்று வந்து என்னோடு பட்டறையில் நின்றுகொண்டான். வேலையில் என்னைவிடச் சுத்தம். ஆனால் எங்கள் பக்கத்தில் இன்றைக்குப் பெண் கிடைப்பது எப்படி என்று உங்களுக்கே தெரியும். பையனுக்கு என்ன வேலை என்று கேட்பார்கள், பட்டறை என்று சொன்னதும் "கேட்டுட்டுச் சொல்றனுங்க" என்பார்கள். பதினோரு இடம் அப்படிப் போனது.

அதில் பதினோராவது இடம்தான் என்னைக் கிறுக்கனாக்கியது.

ஐப்பசி மழை. பெண் வீட்டார் கார் எங்கள் கேட்டுக்கு முன்னால் வந்து நின்றது. வாசலில் முழங்கால் தண்ணீர். நான் பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீருக்குள் நின்று கும்பிட்டேன். கண்ணாடியைக்கூட இறக்கவில்லை. கும்பிட்ட கை இறங்குவதற்குள் கார் முக்கில் திரும்பிப் போய்விட்டது. மறுநாள் ஜாதகம் ஒத்துவரவில்லை என்று புரோக்கர் போன் செய்தார். அந்த ஜாதகத்தை மூன்று பேரிடம் காட்டி, ஒத்துவருகிறது என்று அவர்களே சொல்லித்தான் வந்திருந்தார்கள்.

அன்றைக்கே முடிவு செய்தேன், வாசலை மாற்றிவிடுவது என்று.

செந்தில் வேண்டாம் என்றான். "அப்பா, அவங்க ஊட்டைப் பாத்துத் திரும்பல. பட்டறைன்னு முன்னாலயே யோசிச்சுட்டுத்தான் வந்தாங்க. மழை ஒரு சாக்கு. உடுங்கப்பா."

"நீ சும்மா இரு சாமி," என்றேன்.

இப்போது ஒப்புக்கொள்கிறேன். குறை வாசலில் இருக்கிறது என்று நம்புவது எனக்குச் சௌகரியமாக இருந்தது. வாசல் என்றால் இடித்துக் கட்டலாம். பெற்ற பிள்ளையைப் பதினோரு குடும்பம் வேண்டாம் என்று சொன்ன வலியை எங்கே கொண்டுபோய் வைப்பது?

ஆகட்டுங்க

ஆறுச்சாமி மேஸ்திரியைப் பிடித்தேன். நல்ல வேலைக்காரர். எதைச் சொன்னாலும் "ஆகட்டுங்க" என்பார். ஆகாததற்கும் அதே "ஆகட்டுங்க"தான். எந்த ஆகட்டும் ஆகும், எது ஆகாது என்று கண்டுபிடிக்கத்தான் எனக்கு இரண்டு மாதம் ஆனது.

"ரோட்டுக்கு மேல அரையடி ஏத்துனாப் போதுமுங்க," என்றார்.

"நாளைக்கு இன்னொரு ரோடு போட்டா?"

"அது வாரப்பப் பாத்துக்கலாமுங்க."

"ஒரு அடியா ஏத்திப்போடுங்க மேஸ்திரி. இனி என்ற ஊட்டுக்குள்ள சொட்டுத் தண்ணி வரக்கூடாது."

அவர் ரோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், காதிலிருந்த பென்சிலை எடுத்து மறுபடி காதிலேயே வைத்துக்கொண்டார். "ஆகட்டுங்க."

டிப்பர் டிப்பராகக் கிராவல் மண் வந்து இறங்கியது. ஏழு படியில் ஆறு புதைந்தது. ஒன்று மட்டும் வெளியே தெரிந்தது. எனக்குக் கொஞ்சம் உறுத்தலாகத்தான் இருந்தது. ஜோதிமணிதான் தேற்றினாள். "ஒண்ணும் ஒத்தப்படைதானுங்க."

தெருவிலேயே எங்கள் வாசல்தான் உசரம். ரோட்டில் போகிறவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். எதிர்வீட்டுக்காரர் வாசலுக்கு இனி எங்கள் தண்ணீரும் போகும் என்று நினைத்துக் கொஞ்சம் வருத்தப்பட்டேன். ரொம்ப இல்லை.

மயிலுக்கு ஒரு சீலை

மண் கொட்டியாயிற்று, அதன் மேல் ஏதாவது பச்சையாக இருக்க வேண்டாமா? லேண்ட்ஸ்கேப்பிங் செய்கிற ஒருவர் வந்தார். போனில் படம் படமாகத் தள்ளிக் காட்டினார். கடைசியில் கொரியன் புல், ஓரமாகப் பாக்கு மரம், நடுவில் வெள்ளைக் கூழாங்கல் என்று முடிவானது. பாக்குக் கன்றுகளை மேட்டுப்பாளையத்துக்கே போய் நானே பார்த்து வாங்கி வந்தேன்.

கேட்டை மட்டும் யாரிடமும் விடவில்லை. பட்டறையில் செந்திலும் நானும் சேர்ந்து செய்தோம். எவர்சில்வர் தகடு. பாலிஷ் போட்டுப் போட்டு, நின்று தலை சீவலாம் என்கிற அளவுக்குக் கொண்டுவந்தோம். மாட்டிய அன்று சாயங்காலம் இரண்டு பேரும் ரோட்டில் நின்று அதைப் பார்த்துக்கொண்டே இருந்தோம். அந்த நாளில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

மறுநாள் காலை ஏழு மணிக்கு மயில் வந்தது.

இப்போது எங்கள் பக்கமெல்லாம் காக்கை இருக்கிற இடத்தில் மயில்தான். அது கேட்டில் தன்னையே பார்த்தது. வேறு ஒரு மயில் உள்ளே வீடு கட்டிக் குடியிருக்கிறது என்று நினைத்ததோ என்னவோ, எகிறி எகிறிக் கொத்தியது. உள்ளே பறந்து வந்து அந்தப் பக்கமிருந்தும் கொத்தியது. சண்டை முடிந்த களைப்புக்குப் புல்லைக் கிளறியது, பாக்குக் கன்றின் குருத்தைத் தின்றது, கூழாங்கல் மேல் ஜோதிமணி காயப்போட்டிருந்த மிளகாயை மிதித்துவிட்டுப் போனது. தினமும் ஏழு மணி, தப்பாமல். ஆறுச்சாமி மேஸ்திரி ஒருநாள்கூட அப்படி வந்ததில்லை.

கல்லெடுத்தால் ஜோதிமணி கையைப் பிடித்தாள். "ஏனுங்க, முருகன் வாகனமுங்க." முருகன் வேறு எங்காவது பார்க் பண்ணக்கூடாதா என்று கேட்டதற்கு அன்று முழுக்க என்னோடு பேசவில்லை.

கடைசியில் ஒரே வழிதான் இருந்தது. தன் பழைய சுங்குடிச் சேலையை எடுத்து வந்து கேட்டை இரண்டு பக்கமும் மறைத்துக் கட்டினாள். மயில் வந்து பார்த்தது, எதிரி ஓடிவிட்டான் என்று திருப்திப்பட்டுப் போய்விட்டது. தலை சீவலாம் போல இழைத்த கேட்டு, அன்றிலிருந்து சேலை கட்டிக்கொண்டு நின்றது.

இத்தனைக்கும் பிறகுதான், அந்தப் புதன்கிழமை காலையில், ரோடு கீழே போனது.

ஐந்து பேரும் ஓர் ஏணியும்

கால்வாய்க்குக் கான்கிரீட் போட்டு முடிக்காமல் ஒன்றும் செய்ய முடியாது என்று வேலை பார்த்தவர்கள் சொல்லிவிட்டார்கள். நாளைத் தள்ளிப் போடலாமா என்று ஜோதிமணியிடம் கேட்டேன்.

"தள்ளிப் போட்டா, ஏன் தள்ளுனாங்கன்னு நாலு பேர்த்தை விசாரிப்பாங்க. நாலு பேரும் நாலு சொல்லுவாங்க. வரட்டுமுங்க," என்றாள்.

ஆறுச்சாமி மேஸ்திரி சாரத்துக்கு வைத்திருந்த பெரிய மூங்கில் ஏணியைக் கொண்டுவந்தார். பள்ளத்துக்கு அந்தப் பக்கம் ரோட்டில் கால் ஊன்றி, இந்தப் பக்கம் சரிவின் முனையில் சாய்த்து வைத்தார். நான் ஏறி இறங்கிப் பார்த்தேன். கையும் காலுமாகத்தான் ஏற வேண்டியிருந்தது.

ஞாயிறு காலை சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டார்கள். ஒற்றைப்படையாக ஐந்து பேர். பெண்ணின் அப்பா, அம்மா, சித்தப்பா, சித்தி, அப்புறம் தாய்மாமன் நாச்சிமுத்து. ஆள் நல்ல ஆகிருதி, பேச்சு கொஞ்சம். அந்தக் குடும்பத்தில் அவர் சொன்னால் சொன்னதுதான் என்று புரோக்கர் முன்பே சொல்லியிருந்தார். பெண் நிவேதா வரவில்லை. பொள்ளாச்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். ஆனைமலைக் கோயிலில் வைத்து செந்திலும் அவளும் பத்து நிமிஷம் பார்த்துக்கொண்டதோடு சரி.

நாச்சிமுத்து காரை விட்டு இறங்கினார். பள்ளத்தைப் பார்த்தார். ஏணியைப் பார்த்தார். அந்தரத்தில் நின்ற என் சரிவைப் பார்த்தார்.

"கேட்டுக்கு ஏனுங்க சீலை கட்டியிருக்குது?"

"மயிலுக்குங்க," என்றேன்.

தலையை ஆட்டிக்கொண்டார். கீழே செந்தில் ஏணியைப் பிடித்துக்கொள்ள, மேலே நான் கை கொடுக்க, ஐந்து பேரும் ஒருவர் பின் ஒருவராக எங்கள் வீட்டுக்குள் ஏறி வந்தார்கள். பட்டுச் சேலையோடு இரண்டு பெண்கள் ஏணி ஏறுவதைத் தெருவே நின்று பார்த்தது.

எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வீடு பார்க்க வருகிறவர்கள், சம்மதம் என்று முடிவாகும்வரை அந்த வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். காபி, பலகாரம், சோறு, எதுவும் கிடையாது. தண்ணீர் மட்டும் குடிக்கலாம். சாப்பிட்டால் சம்பந்தம் உறுதி என்று அர்த்தம். அதனால் யாரும் சாப்பிடச் சொல்லி வற்புறுத்தவும் மாட்டோம்.

வீட்டைப் பார்த்தார்கள், தண்ணீர் குடித்தார்கள், மழையைப் பற்றியும் தேங்காய் விலையைப் பற்றியும் பேசினார்கள். பதினொன்றரைக்கு எழுந்தார்கள். "வாரமுங்க. கலந்துட்டுச் சொல்றமுங்க," என்றார் பெண்ணின் அப்பா. அந்தப் பேச்சு எனக்குப் பழகிப்போன பேச்சு.

வாசலுக்கு வந்தோம். ஏணியைக் காணோம்.

சக்கரை கரைத்த தண்ணீர்

ஆறுச்சாமி மேஸ்திரியின் போன் அணைந்து கிடந்தது. எங்கள் வீட்டு அலுமினிய ஏணி பட்டறையில் இருந்தது, பட்டறைச் சாவி ஊருக்குப் போயிருந்த வேலையாளிடம் இருந்தது. எதிர்வீட்டுக்காரர் ஜம்மென்று காரை ரோட்டில் இறக்கிக் குடும்பத்தோடு கோயிலுக்குப் போயிருந்தார். பின்பக்கம் எட்டடிச் சுவர், அதற்கு அந்தப் பக்கம் சீமைக்கருவேலம். செந்தில் மட்டும் பள்ளத்தைத் தாண்டிக் குதித்து, மேஸ்திரியைத் தேடி இரண்டு தெரு சுற்றிவிட்டுத் திரும்பி வந்து கேட்டைப் பிடித்து ஏறினான்.

மறுபடி ஹாலில் உட்கார்ந்தோம். பேச வேண்டியதெல்லாம் முன்பே பேசித் தீர்ந்திருந்தது. மழையைப் பற்றி இன்னொரு தடவை பேசினோம்.

மணி பன்னிரண்டு ஆனது. ஒன்று ஆனது. ஜோதிமணி எங்களுக்கென்று அரிசிம்பருப்புச் சாதம் வைத்திருந்தாள். பூண்டும் சின்ன வெங்காயமும் நெய்யுமாக அந்த வாசம் அடுப்படியிலிருந்து வந்து ஹால் முழுக்க நின்றது. ஏழெட்டுப் பேர் அதை மோந்துகொண்டு, மோக்காத மாதிரி உட்கார்ந்திருந்தோம். எங்கள் வீட்டு ஆட்களும் சாப்பிட முடியாது. வந்தவர்களைப் பார்க்க வைத்துக்கொண்டு எப்படிச் சாப்பிடுவது?

ஜோதிமணிதான் முதலில் கவனித்தாள். நாச்சிமுத்துவின் சட்டை நனைந்திருந்தது. ஃபேன் ஓடிக்கொண்டிருக்கும்போதே நெற்றியில் வேர்வை. டம்ளரை எடுத்த கை நடுங்கியது.

"அண்ணனுக்குச் சக்கரைங்க," என்றாள் பெண்ணின் அம்மா. "காலைல மாத்திரை போட்டாச்சு. பன்னண்டு மணிக்குப் போற வழில சாப்பிட்டுக்கலாம்னு இருந்தமுங்க."

ஜோதிமணி ஒரு நொடியும் நிற்கவில்லை. சொம்பில் சக்கரையை அள்ளிப் போட்டுக் கரைத்துக் கொண்டுவந்தாள். நாச்சிமுத்து கையால் தடுத்தார்.

"தண்ணி மட்டும் போதுமுங்க அம்மணி."

"இதும் தண்ணிதானுங்க."

"சக்கரை கரைச்சாத் தண்ணியில்லீங்க. அது பலகாரத்துல சேரும்."

"பானகத்துல சேரும்," என்றார் சித்தப்பா.

"பானகம்னாக் குடிக்கலாமா, கூடாதா?" என்றார் பெண்ணின் அப்பா. இது நிஜமான சந்தேகம். அவர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

கண் முன்னால் ஒரு மனிதர் நடுங்கிக்கொண்டிருக்க, நாங்கள் ஆறு பெரியவர்கள் பானகம் எந்த வகையில் வரும் என்று பேசிக்கொண்டிருந்தோம். நானும்தான் பேசினேன். எனக்கு உள்ளுக்குள் ஒரு கேவலமான ஆசை இருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன். இவர் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டால் சம்பந்தம் முடிந்தது. அப்புறம் எப்படி வேண்டாம் என்பார்கள்? வேண்டிக்கொள்ளக்கூடச் செய்தேன்.

செந்தில்தான் எழுந்து பெண்ணின் அம்மாவிடம் போனான். "அத்தை, உங்க பொண்ணுக்குப் போன் போட்டுக் குடுங்க. சித்த அவசரம்."

என்ன நினைத்தாளோ, போட்டுக் கொடுத்தாள். எல்லார் முன்னாலும் பேசினான்.

"செந்தில் பேசறனுங்க. உங்க மாமாவுக்குச் சக்கரை எறங்கிருச்சு. நடுங்கறாரு. சாப்பிட்டாச் சம்மதம்னு ஆயிரும்னு சொல்லிச் சாப்பிட மாட்டேங்கறாரு. நீங்க நாளைக்கு என்னை வேண்டாம்னு சொன்னாலும் பரவால்லீங்க. இந்தச் சாப்பாட்டை எங்க ஊட்டுல ஒருத்தரும் சொல்லிக் காட்ட மாட்டாங்க. அதுக்கு நான் பொறுப்பு. அவருகிட்ட நீங்கதான் சொல்லோணும்."

சொல்லிவிட்டு என்னைத்தான் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன்.

போனை நாச்சிமுத்து பக்கம் நீட்டி ஸ்பீக்கரில் போட்டான். அந்தப் பெண்ணின் குரலை நான் முதன்முதலாகக் கேட்டது அப்போதுதான். வகுப்பில் பேசிப் பழகின குரல்.

"மாமா, சாப்பிடுங்க. சம்மதம் சொல்றது என்ற வேலை. அதை நான் யோசிச்சுச் சொல்லிக்கறேன். சாப்பிடறது மட்டும் உங்க வேலை."

நாச்சிமுத்து சொம்பை வாங்கி ஒரே மூச்சில் குடித்தார்.

கால் மணி நேரத்தில் தெளிந்துவிட்டார். தெளிந்ததும், பானகத்தோடு நிறுத்தினால் அரைகுறையாக இருக்கும் என்று நினைத்தாரோ என்னவோ, இலை போடச் சொன்னார். மூன்று தடவை சாதம் வாங்கிச் சாப்பிட்டார். அப்புறம் எல்லாரும் சாப்பிட்டோம். அவ்வளவு அமைதியாக ஒரு விருந்தை நான் பார்த்ததில்லை. சாப்பிட்டது கணக்கில் வருமா வராதா என்று ஒருவருக்கும் தெரியாது.

மூன்று மணிக்கு ஆறுச்சாமி மேஸ்திரி தோளில் ஏணியோடு வந்தார். அடுத்த தெருவில் ஒரு பூச்சு வேலையை முடித்துவிட்டு வருகிறாராம். ஹாலில் ஐந்து பேர் இருப்பதைப் பார்த்து ஆச்சரியப்பட்டார்.

"ஏனுங்க, இன்னும் கெளம்பலீங்களா? ஏணி வேணும்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுங்களே."

பதில் வராத வாரம்

திங்கள் பதில் வரவில்லை. செவ்வாய், புதன் வரவில்லை. போன் செய்து கேட்கலாம் என்று நான் எடுத்தபோதெல்லாம் செந்தில் போனை வாங்கி வைத்துவிட்டான். "பொறுப்பு எடுத்துட்டேன்ல அப்பா. உடுங்க."

வியாழக்கிழமை பட்டறையில் மெஷினை நிறுத்திவிட்டு அவனிடம் சொன்னேன். "எல்லாம் என்ற தப்புதான். அரையடி போதும்னு மேஸ்திரி சொன்னாரு. நான்தான் ஒரு அடி கேட்டேன்."

செந்தில் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னான். "அப்பா, அந்தப் பதினோரு பேரும் வேண்டாம்னது என்னைத்தான். நம்ம ஊட்டையில்ல. நான் அதை எப்பவோ தாங்கிட்டேன். நீங்கதான் மண்ணு கொட்டிக்கிட்டே இருக்கீங்க."

மறுபடி மெஷினைப் போட்டுவிட்டான். அன்று ஒரு ஷாஃப்ட்டைப் பிசகாகக் கடைந்தேன். அவன் பார்த்தான், எடுத்து ஓரமாக வைத்தான்.

அடுத்த ஞாயிறு

காலை பதினோரு மணி இருக்கும். கொட்டின மண்ணை மறுபடி இரண்டடி வெட்டி எடுப்பது எப்படி என்று ஆறுச்சாமி மேஸ்திரியோடு வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தேன். புதைந்த படிகளில் நாலு வெளியே வருமாம், ஒன்றோடு சேர்த்து ஐந்து. ஒற்றைப்படைதான். "ஆகட்டுங்க," என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போது பள்ளத்துக்கு அந்தப் பக்கம் ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. பின்னால் அம்மாவை உட்கார வைத்துக்கொண்டு நிவேதாவே ஓட்டி வந்திருந்தாள்.

வணக்கம் சொல்லிவிட்டு விறுவிறுவென்று ஏணியில் ஏறி வந்தாள். சுற்றிப் பார்த்தாள். மயில் தின்ற பாக்கு, மிளகாய் காய்ந்த கூழாங்கல், அந்தரத்துச் சரிவு, இறங்க முடியாத கார். சேலையை விலக்கிக் கேட்டைப் பார்த்தாள்.

"இது யாரு செஞ்சதுங்க?"

"நானும் செந்திலும்," என்றேன்.

கையால் ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். ஜோதிமணியோடு அடுப்படியில் அரை மணி நேரம் பேசினாள். பேசினதில் ஒரு வார்த்தையைத்தான் ஜோதிமணி பிறகு என்னிடம் சொன்னாள், அதுவும் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "நான் வேண்டாம்னு சொன்னாலும் பரவால்லைன்னு இதுவரைக்கும் ஒருத்தரும் சொன்னதில்லீங்க" என்றாளாம்.

எனக்கு அப்போது அதெல்லாம் தெரியாது. அவர்கள் கிளம்பி வாசலுக்கு வந்தபோது, மனசில் இருந்ததை நேராகக் கேட்கத் தைரியம் இல்லாமல், வாசலைப் பற்றியே பேசினேன். "இன்னொரு மாசம் பொறுத்துக்கங்க அம்மணி. படி கட்டி, எல்லாத்தையும் சரி பண்ணிப்போட்டு, அப்பறம் மத்ததைப் பேசிக்கலாம்."

நிவேதா பள்ளத்தைப் பார்த்தாள், ரோட்டைப் பார்த்தாள்.

"ரோடு இன்னும் ஒரு அடுக்கு போடோணும்னு சொல்றாங்க. இப்பக் கட்டுனா மறுக்காவும் இடிக்கோணும். ஏணி நல்லாத்தான் இருக்குது. படிய நான் வந்தப்பறம் கட்டிக்கலாமுங்க மாமா."

மாமா என்று சொன்னது என் காதில் விழுந்து, உள்ளே இறங்கி, அர்த்தம் புரிவதற்குள் அவள் ஏணியின் முதல் கட்டையில் கால் வைத்துவிட்டாள். ஏணி லேசாக ஆடியது. பதறிப்போய் அதைப் பிடிக்க ஓடினேன்.

ஜோதிமணி என் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்தாள்.

கீழே, செந்தில் ஏற்கெனவே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான்.